பழைய பிரிட்டிஷ் காசுகள்: வாங்கும்போதும் காட்டும்போதும் செய்யக்கூடாதவை

1797-ஆம் ஆண்டுப் பென்னி ஒன்று கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கிலாந்துத் தொழிலதிபர் மாத்யூ போல்டன் பர்மிங்ஹாமின் சோஹோ ஆலையில் நீராவி இயந்திரம் வைத்து அடித்தது. ஒரு அவுன்ஸ் செம்பு, 36 மி.மீ. அகலம், உள்ளங்கையில் வைத்தாலே கனம் தெரியும். இருநூறு வருடத்துக் கறுப்பு ஏறியிருக்கும். அதைப் பார்த்ததும் நம் வீட்டுக் கை தானாகப் புளியைத் தேடும். குத்துவிளக்குக்கு அது சரி, காசுக்கு அதுவே கொள்ளி.

செம்பின் மேலிருக்கும் பழுப்பு நிறம் அழுக்கு இல்லை. உலோகத்தின் மேல்தோலே காலப்போக்கில் அப்படி மாறியிருக்கிறது. புளியோ பாத்திரப் பவுடரோ பட்டால் அந்தத் தோல் உரிந்து, காசு புதிதாகப் பிறந்தாற்போல் இளஞ்சிவப்பில் பளபளக்கும். லென்ஸ் வைத்துப் பார்ப்பவருக்கோ ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள்தான் முதலில் கண்ணில் படும். இந்தப் பென்னியில் எழுத்துகள் அகன்ற விளிம்பில் குழிவாக இறங்கியிருக்கும். அந்தக் குழிகளில் பவுடர் வெள்ளையாக உட்கார்ந்துகொண்டு காட்டிக்கொடுத்துவிடும். போன தோல் திரும்பி வராது. சேகரிப்பவர்கள் தரும் விலையும் அதோடு இறங்கிவிடும்.

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் சுத்தமான அசிட்டோன், காற்றோட்டமான இடத்தில், அடுப்பு பக்கம் போகாமல். நகப்பூச்சு நீக்கியும் அசிட்டோன்தானே என்று ஊற்றாதீர்கள். அதில் வாசனையும் வேறு கலவைகளும் இருக்கும். சந்தேகமாக இருந்தால் சும்மா விடுங்கள். சும்மா விட்டதால் கெட்ட காசு மிகக் குறைவு. மலிவான பி.வி.சி. உறையில் வைத்துக் கெட்ட காசுகளோ ஏராளம். சில வருடத்தில் பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் பச்சைப் பிசின் உலோகத்தை அரிக்கத் தொடங்கிவிடும். மைலார் என்ற பாலியஸ்டர் உறைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

வாங்குவதில் நடக்கும் தவறுகள் வேறு ரகம். பழசு என்றால் அபூர்வம் என்ற நம்பிக்கைதான் முதல் பொறி. 1965-இல் சர்ச்சில் தலையோடு வந்த கிரவுனை (ஐந்து ஷில்லிங் காசு)ப் பெரிய காசு, பெரிய மனிதர் என்று சொல்லி யாராவது நீட்டுவார்கள். அது அடிக்கப்பட்டது கோடிக்கு மேல். வெள்ளியும் இல்லை, செம்பு-நிக்கல். 1887 சிக்ஸ்பென்ஸ் கதை இன்னும் சுவையானது. விக்டோரியாவின் பொன்விழா ஆண்டில் வந்த அந்த வெள்ளிக் காசின் பூப்பக்கம் அரைச் சவரன் தங்கக் காசைப் போலவே இருந்ததால், தங்கமுலாம் பூசி ஏமாற்றத் தொடங்கினார்கள். அரசு அந்த வடிவத்தைக் கைவிட்டது. 'அரசே திரும்பப் பெற்ற காசு' என்று இன்று கூடுதல் விலை சொல்கிறார்கள். உண்மையில் அப்போதே மக்கள் நினைவுக்காக எடுத்து வைத்துவிட்டதால் அது சுலபமாகக் கிடைக்கிறது. விற்பவர் கதை சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் காசைப் பாருங்கள்.

வெள்ளி விஷயத்தில் எடையை மட்டும் நம்பக்கூடாது. பிரிட்டிஷ் வெள்ளிக் காசுகள் 1919 வரை 92.5 சதவீத வெள்ளி. 1920 முதல் 1946 வரை பாதிதான். 1947 முதல் துளி வெள்ளி கிடையாது. ஆனால் ஷில்லிங் இந்த மூன்று காலத்திலும் அதே 5.66 கிராம்! தராசு போலியைப் பிடிக்கும், வெள்ளியின் அளவைச் சொல்லாது. அதற்கு ஆண்டைப் படிக்க வேண்டும். ஆண்டு தேய்ந்திருந்தால் காலத்தைத் தோராயமாக அறியத் தலைப்பக்க வாசகத்தில் 'இண்ட் இம்ப்' என்ற சுருக்கத்தைத் தேடுங்கள். இந்தியப் பேரரசர் என்ற அந்தப் பட்டம் 1893 முதல் 1948 வரையிலான காசுகளில் உண்டு, 1949 முதல் இல்லை. 1947, 1948 காசுகளிலும் இருப்பதால் அது மட்டுமே வெள்ளிக்குச் சாட்சி ஆகாது. நாம் விடுதலை வாங்கியது லண்டன் காசிலும் பதிவாகியிருக்கிறது.

சவரனில் சறுக்குபவர்கள்தான் நம்மில் அதிகம். 7.98 கிராம், 22.05 மி.மீ., 22 காரட். பூப்பக்கத்தில் பிஸ்ட்ருச்சி என்ற சிற்பி வடித்த செயின்ட் ஜார்ஜும் டிராகனும். எடையும் அகலமும் சரியாக இருந்தால் மட்டும் போதாது, ஏனென்றால் போலி அடிப்பவர்களும் நல்ல தங்கத்திலேயே அடித்திருக்கிறார்கள். எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கிறதா, குதிரையின் பிடரி கூழாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு காசைப் படுக்கவைத்து விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். காசு மாலையில் கோர்க்க வளையம் பற்றவைத்திருந்த சவரன் என்றால், தலைக்கு நேர் மேலே விளிம்பின் பற்கள் ஓரிடத்தில் வழுக்கையாகி, அந்த இடத்தில் மட்டும் நிறம் சற்று மாறியிருக்கும். தங்க விலைக்கு அது நல்ல காசுதான், சேகரிப்பு விலைக்கு இல்லை. இரண்டுக்கும் நடுவிலான வித்தியாசத்தை விற்பவர் உங்களிடம் சொல்லமாட்டார்.

அதே பூப்பக்கத்தில் டிராகனுக்குக் கீழே, ஆண்டு எண்ணுக்கு மேலே இருக்கும் தரைக்கோட்டையும் பார்க்க மறக்காதீர்கள். ஆங்கில 'ஐ' எழுத்து பொடியாக இருந்து ஆண்டு 1918 என்றால், அது பம்பாயில் அடித்த சவரன். 'எஸ்' சிட்னி, 'எம்' மெல்போர்ன், 'பி' பெர்த். எழுத்தே பார்க்காமல் 'ஜார்ஜ் தலை சவரன்' என்று மட்டும் எழுதி வைத்துக்கொள்வது பெரிய நஷ்டம்.

நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள இன்னொரு காசு, 1808 என்று பொறித்த 10 காசு, 20 காசு செம்புகள். மதராஸ் மாகாணத்துக்காக அதே சோஹோ ஆலையில் அடித்தவை. அவற்றை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் அதிலிருந்து குவியல் குவியலாகக் காசுகளை எடுத்தார்கள். அதனால் 'கப்பல் புதையல்' என்ற சான்றிதழுக்காக எக்கச்சக்க விலை கொடுக்காதீர்கள். தாராளமாகக் கிடைக்கும் சரக்கு அது. ராமர், அனுமன் உருவத்தோடு 1818 என்று போட்ட கம்பெனிக் காசையோ தொடவே வேண்டாம். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒன்றை அடிக்கவே இல்லை.

வாங்கிய கையோடு நண்பர்களுக்குக் காட்ட மனம் துடிக்கும். காட்டுங்கள், ஆனால் பாராட்டு வாங்குவதற்காக மட்டும் காட்டாதீர்கள். விற்றவரிடம் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் நாலு அனுபவசாலிகளின் கண்ணில் படவைப்பதே இதன் பெரிய பயன். அப்படியிருக்க, ஃபிளாஷ் அடித்து, ஃபில்டர் போட்டு, தலைப்பக்கம் மட்டும் அனுப்பினால் அவர்களால் என்ன சொல்ல முடியும்? உறையிலிருந்து எடுத்து, விளிம்பைப் பிடித்து, கீழே மெத்தென்று துணி விரித்து, பக்கவாட்டிலிருந்து ஒரே விளக்கில் இரு பக்கத்தையும் எடுங்கள். விளிம்புக்குத் தனிப் படம். கிராமில் எடை, மில்லிமீட்டரில் அகலம். நிறத்தைத் திருத்தாதீர்கள்; காசு தேய்க்கப்பட்டதா என்பதை நிறம்தான் சொல்லும். 'என்ன விலை போகும்?' என்று கேட்பதைவிட, 'இதில் எது சரியில்லை?' என்று கேட்டால் பதிலின் தரமே மாறும். யாராவது போலி என்றால் கோபப்படாமல் காரணம் கேளுங்கள். கொடுத்த விலை, வீட்டுப் பின்னணி, படத்தில் ஒட்டியிருக்கும் இடக்குறிப்பு இவையெல்லாம் வெளியே போக வேண்டியதில்லை.

காசோடு வந்த பழைய காகித உறையையும் கையெழுத்துச் சீட்டையும் குப்பையில் போடுபவர்களைப் பார்த்தால் வயிறு எரியும். யாரிடமிருந்து எந்த ஏலத்தில் வந்தது என்ற சீட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. இங்கிலாந்து மண்ணில் கிடைத்த காசு என்றால் அது இன்னும் முக்கியம். அங்கே 1996 புதையல் சட்டப்படி, 300 ஆண்டு தாண்டிய தங்க, வெள்ளிக் காசுகள் இரண்டோ அதற்கு மேலோ ஒன்றாகக் கிடைத்தால் 14 நாளுக்குள் அறிவித்தாக வேண்டும். அறிவிக்காத குவியலில் ஒன்று உங்கள் ஆல்பத்தில் இருப்பது நல்லதில்லை.

காட்டியதும் லண்டன் நண்பர் ஆசைப்பட்டுக் கேட்டார் என்று தபாலில் போட்டுவிடவும் கூடாது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டைத் தாண்டிய நாணயத்தைத் தனி ஆள் இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்ய முடியாது. 1918 பம்பாய் சவரனும் இப்போது அந்தக் கணக்கில் வந்துவிட்டது.