திறந்தவெளி போர்ட்ரெய்ட்டுக்குப் பின்திரை வாங்கும்போது

யாரை, எந்த அளவில் எடுக்கப்போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. ஒருவரை இடுப்பளவு எடுக்க 5 அடி அகலம், 7 அடி உயரம் தாராளம். வட்டமாகச் சுருட்டும் பாப்-அப் திரை ஸ்கூட்டரிலேயே போய்விடும். ஜோடியை முழு உயரத்தில் எடுக்க 9 அடி அகலம் வேண்டும். தரையிலும் விரிய வேண்டுமே, நீளம் 15 அடிக்குக் குறையக்கூடாது.

துணிக்கு மஸ்லின் என்ற பருத்தித் துணி, இல்லையென்றால் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் காடாத்துணி. பளபளப்பு வேண்டாம், ஃபிளாஷ் பட்ட இடம் படத்தில் வெளுத்துவிடும். நடுத்தர சாம்பல் எந்தப் பட்டுக்கும் பொருந்தும். சுங்குடியைத் திரையாகக் கட்டினால் ஆளை 6 அடி முன்னால் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் புள்ளிகள்தான் படத்தில் பேசும். துணியை மடிக்காமல் பிவிசி குழாயில் சுற்றுங்கள்.

காசைப் போட வேண்டியது ஸ்டாண்டில். மலிவான செட்டில் குறுக்குக் கம்பி நான்கு துண்டு. கனத் துணி ஏறினால் நடுவில் தொய்யும். கம்பியை அசைத்துப் பார்த்து, இணைப்பு ஆடினால் விட்டுவிடுங்கள்.

ஆடிக்காற்றில் 9 அடித் திரை கப்பல் பாய்தான். அழகர்கோவில் பக்கத்துத் தோப்புகளில் மூட்டை மணல் சுமப்பதைவிட, 5 லிட்டர் காலி கேன்களை எடுத்துப்போய் அங்கேயே தண்ணீர் நிரப்பலாம்: ஸ்டாண்டுக்கு இரண்டு, 10 கிலோ. காற்று வரும் பக்கத்துக் காலில் கட்டுங்கள். மேலே கட்டித் தொங்கவிட்டால் எடையே ஸ்டாண்டைக் கவிழ்க்கும். கிளை விடாமல் ஆடினால் பெரிய திரையை இறக்கிவிட்டு, பாப்-அப்பை ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள்.