ஸ்பெக்ட்ரம் புரோகிராமை கேசட்டில் சேமிப்பது எப்படி

என்னிடம் இருப்பது 48 கே இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், 1982-இல் வந்த கணினி. டிஸ்க் கிடையாது, எழுதியதெல்லாம் கேசட்டில்தான் தங்கும். ரெக்கார்டர் மோனோவாக, மைக், இயர் இரண்டு துளையும் உள்ளதாக இருக்கட்டும். ஸ்டீரியோ டெக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாதாரண சி-60 கேசட் போதும். சி-120 வேண்டாம், நாடா ரொம்ப மெல்லிசு.

முதலில் நாடாவைக் கொஞ்சம் ஓட்டுங்கள். தொடக்கத்தில் இருப்பது வெறும் பிளாஸ்டிக், அதில் எதுவும் பதியாது. அப்புறம் இயர் வயரைப் பிடுங்கிவிட்டு, மைக் வயரை மட்டும் செருகுங்கள். 'எஸ்' விசையைத் தட்டினால் சேவ் என்று வரும். மேற்கோள் குறிக்குள் 10 எழுத்துக்குள் ஒரு பெயர் கொடுத்து என்டர் தட்டுங்கள். ரெக்கார்டரை ஓடவிட்டு ஏதாவது ஒரு விசையை அழுத்துங்கள். திரை ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமுமாகக் கோடுகள் ஓடும், பிறகு நீலமும் மஞ்சளும். நொடிக்கு ஏறக்குறைய 1500 பிட்தான் என்பதால் பெரிய புரோகிராமுக்குச் சில நிமிடங்கள் ஆகும்.

உடனே கணினியை அணைக்காதீர்கள். நாடாவைப் பின்னால் சுற்றி, இயர் வயரைச் செருகி, வெரிஃபை கொடுத்துச் சரிபாருங்கள். பிழை என்று வந்தால் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ திரும்பப் பாருங்கள். எனக்கு முக்கால் அளவில் சரியாக வருகிறது.

என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது வேறு. நான் பதிந்தவை கணினியில் ஒழுங்காக ஏறின (லோட் ஆயின); வேறு ரெக்கார்டரில் பதிந்த பழைய கேசட் ஒன்றுகூட ஏறவில்லை. காரணம் ஹெட்டின், அதாவது ரெக்கார்டரில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் பாகத்தின், சாய்வு. பிளே அழுத்தியதும் ஹெட் முன்னால் வரும்; அதன் பக்கத்தில் ஒரு குட்டித் திருகு இருக்கும். பழைய கேசட்டை ஓடவிட்டு, வாட்ச் ரிப்பேர் ஸ்க்ரூடிரைவரால் அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிக் கேட்கும் சத்தம், ஓரிடத்தில் காதைக் குத்துகிற மாதிரி கூர்மையாகும். அங்கே நிறுத்துங்கள். காதை நம்புங்கள், இதற்கு அதைவிட நல்ல கருவி இல்லை.

பின்சேர்க்கை: திருகைத் திருப்பிய பிறகு தன் சொந்தக் கேசட்டுகள் ஏற மறுக்கின்றன என்று ஒருவர் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார். அவை பழைய சாய்வில் பதிந்தவை, அதனால்தான். திருப்புவதற்கு முன்பே திருகின் நிலையை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நிலையில் ஒவ்வொன்றாக லோட் செய்து, கணினியை அணைக்காமல் திருகைப் புது நிலைக்குக் கொண்டுவந்து, வேறொரு கேசட்டில் சேவ் செய்யுங்கள்.