முகூர்த்தம் குறிக்கும் முன் பிஎம்எல்ஏ: வெளிநாட்டுத் துணையைச் சிங்கப்பூருக்கு அழைத்துவருவது எப்படி?

தஞ்சாவூரில் பெண் பார்த்து, மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, தாலியும் கட்டிய பிறகுதான் "பாஸுக்கு என்ன செய்யணும்?" என்று பலர் விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அது நிச்சயதார்த்தத்துக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி. சிங்கப்பூர்க் குடிமகனை மணந்ததாலேயே இங்கே தங்கும் உரிமை கிடைத்துவிடாது. குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையமான ஐசிஏ ஒவ்வொரு மனுவையும் தனித்தனியாக எடைபோட்டுத்தான் நீண்டகால வருகை அனுமதியை, அதாவது எல்டிவிபியை, வழங்குகிறது. நிராகரிக்கவும் அதற்கு முழு உரிமை உண்டு.

எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது உங்கள் அட்டையைப் பொறுத்தது. நீங்கள் குடிமகனோ நிரந்தரவாசியோ என்றால் ஐசிஏயிடம் எல்டிவிபி. எம்பிளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் ஆகிய வேலை அனுமதிகளில் ஒன்றில் இருந்தால் மனிதவள அமைச்சிடம் டிபி எனப்படும் சார்ந்திருப்போர் அட்டை. டிபிக்கு உங்கள் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி இருக்க வேண்டும். ஓவர்டைமும் போனஸும் இந்தக் கணக்கில் சேராது. மனுவை நிறுவனம்தான் போடும். விண்ணப்பத்துக்கு 105 வெள்ளி, பாஸ் வழங்கும்போது 225 வெள்ளி. சட்டப்படியான திருமணச் சான்றிதழ் கையில் இருந்தால் டிபியில் சிக்கல் குறைவு. அதனால் இனி வருவது பெரும்பாலும் எல்டிவிபியைப் பற்றியே.

அதற்கு முன் வொர்க் பெர்மிட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வொர்க் பெர்மிட்டில் குடும்பத்தை அழைத்துவர முடியாது. வொர்க் பெர்மிட்காரர் ஒரு சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ மணக்க விரும்பினால், மனிதவள அமைச்சின் ஒப்புதலை முதலில் பெற வேண்டும். கல்யாணம் ஊரில் நடந்தாலும் இதே விதிதான். பெர்மிட்டை ரத்து செய்துவிட்டு ஊருக்குப் போனவருக்கும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒப்புதல் இல்லாமல் மணந்தால் மறுபடி சிங்கப்பூருக்குள் நுழையவே தடை வரலாம். அப்படி ஒரு தடை விழுந்தபின் எல்டிவிபி மனுவைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

பிஎம்எல்ஏ: கல்யாணத்துக்கு முன்பே ஒரு பதில்

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் அவர்கள் மணக்கவிருக்கும் வெளிநாட்டவருக்கும் எல்டிவிபிக்குத் தகுதி உண்டா என்று திருமணத்துக்கு முன்பே பார்க்கும் ஒரு முன்மதிப்பீடு 2015 முதல் இருக்கிறது. பிஎம்எல்ஏ என்பது அதன் பெயர். ஐசிஏ இணையத்தளத்தில் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளம் மூலம் உள்ளே போய் நீங்கள் தொடங்க வேண்டும். உங்கள் வருமானம், கல்வி, இருவரின் குற்றப் பின்னணி, முந்தைய திருமணங்கள், இதற்கு முன் வேறு வெளிநாட்டுத் துணைக்கு ஆதரவாளராக இருந்தீர்களா என்பதையெல்லாம் பார்ப்பார்கள். மதிப்பீடு சாதகமாக முடிந்தால் எல்எல்இ என்ற தகுதிக் கடிதம் வரும். அது ஓராண்டு செல்லும். அதற்குள் திருமணத்தைப் பதிந்து எல்டிவிபிக்கு மனுச் செய்ய வேண்டும்.

காத்திருக்கும் காலத்தில்தான் இதன் அருமை தெரியும். எல்எல்இ இருந்தால் எல்டிவிபி மனு பொதுவாக ஆறு வாரங்களில் முடிகிறது. இல்லாவிட்டால் ஆறு மாதம் வரை போகலாம். புதுமணத் தம்பதி ஆளுக்கொரு நாட்டில் ஆறு மாதம் பிரிந்திருப்பதைவிட, முகூர்த்தத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுவது எவ்வளவோ மேல். எல்எல்இ கிடைத்தாலே பாஸ் நிச்சயம் என்று அர்த்தம் இல்லை. மதிப்பீடு சாதகமாக வராவிட்டாலும் திருமணம் செய்யத் தடையில்லை. ஆனால் எந்தக் குறையைச் சரிசெய்ய வேண்டும் என்று யோசிக்க, செலவு செய்வதற்கு முன்பே அவகாசம் கிடைக்கிறது.

குடிமக்கள் துணையை அழைக்க இவ்வளவு சம்பளம் வேண்டும் என்று ஐசிஏ எந்தத் தொகையையும் வெளியிட்டதில்லை. "மூவாயிரம் போதுமாம்", "ஐயாயிரம் வேணுமாம்" என்று காப்பிக்கடையில் சொல்வதை நம்பி உட்கார வேண்டாம். நிலையான வேலையும் காகிதத்தில் தெரியும் வருமானமுமே எடுபடும். கையில் ரொக்கமாக வாங்கி, மசேநிதியும் (மத்திய சேமநிதி) கட்டாமல், வரிக்கணக்கும் காட்டாமல் இருக்கும் வருமானம் இந்த மனுவில் இல்லாத வருமானமே. சொந்தத் தொழில் செய்பவர்களும் டாக்சி, தனியார் வாடகைக் கார் ஓட்டுபவர்களும் வருமான வரி மதிப்பீட்டு அறிக்கையை ஒழுங்காக வைத்திருந்தால்தான் பேச முடியும்.

எங்கே கல்யாணம்? ஒரே ஒரு தடவை

அதிகம் குழப்பம் நேர்வது இங்கேதான். சிங்கப்பூரில் திருமணங்களுக்கான சட்டமான மாதர் சாசனம் 1961 செப்டம்பர் 15 அன்று நடப்புக்கு வந்தது. அதன்பின், முஸ்லிம் அல்லாதவர்கள் கோயிலில் தாலி மட்டும் கட்டிக்கொண்டால் அது சட்டப்படி திருமணம் ஆகாது. திருமணப் பதிவகத்தில், நாம் ஆர்ஓஎம் என்பதில், பதிந்தால்தான் செல்லும். இந்தியாவில் நிலைமை தலைகீழ். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி, முறையான சடங்குகளோடு நடந்த கல்யாணம் பதிவு செய்யாவிட்டாலும் செல்லும்.

இந்த வித்தியாசம் தெரியாமல், கும்பகோணத்தில் ஊரைக் கூட்டித் தாலி கட்டிவிட்டு, இங்கே வந்து ஆர்ஓஎம்மில் "இருவரும் திருமணமாகாதவர்கள்" என்று உறுதிமொழி தருபவர்கள் இருக்கிறார்கள். அது பொய்யான உறுதிமொழி ஆகிவிடும். வெளிநாட்டில் சட்டப்படி மணந்தவர்கள் இங்கே மறுபடியும் பதிய முடியாது. அவர்களுக்கு அந்த நாட்டுச் சான்றிதழே போதும். ஏற்கெனவே மணந்தவர்கள் "திருமணத்துக்கு முந்தைய" பிஎம்எல்ஏவுக்குப் போகவும் வழியில்லை.

எங்கள் பரிந்துரை இது: முதலில் பிஎம்எல்ஏ, பிறகு ஆர்ஓஎம், அதற்குப் பிறகு ஊரில் மேளதாளத்தோடு சடங்கு. சட்டத்துக்கு ஒரு தேதி, ஒரு சான்றிதழ். வீட்டுப் பெரியவர்கள் "பதிவு முதலிலா?" என்று முகம் சுளித்தால், காரணத்தைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஆர்ஓஎம்மில் திருமண அறிவிப்பு கொடுத்து 21 நாள் கழிந்த பிறகே திருமணத்தை நடத்த முடியும். பதிவகம் விதிக்கும் கெடுவுக்குள் முடித்துவிடவும் வேண்டும். இருவரில் ஒருவராவது குடிமகன் அல்லது நிரந்தரவாசி என்றால் கட்டணம் 42 வெள்ளி, இருவரும் வெளிநாட்டவர் என்றால் 380 வெள்ளி. 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் வேண்டும். இந்தியக் குடிமக்கள் வருவதற்கு முன்பே வீசா எடுக்க வேண்டும். வந்ததும் கிடைக்கும் குறுகிய கால அனுமதி 30 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணை வந்து இறங்கிய பிறகு அறிவிப்புக் கொடுத்தால் அதில் 21 நாள் அங்கேயே கரைந்துவிடும். அறிவிப்பு நடைமுறையைத் தொடங்கும் நாளைப் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே திட்டமிடுங்கள். முஸ்லிம் தம்பதிகளுக்கு முஸ்லிம் திருமணப் பதிவகம் தனி.

ஊரில்தான் சட்டப்படி மணப்பது என்று முடிவானால், தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். சார்பதிவாளர் அலுவலகத்தில் 90 நாளுக்குள் பதிய வேண்டும். தாமதக் கட்டணத்துடன் 150 நாள் வரை போகலாம். கோயில் ரசீதையோ ஜமாஅத் நிக்காஹ் புத்தகத்தையோ மட்டும் நம்பி இருக்காதீர்கள். சிறப்புத் திருமணச் சட்டப்படி மணக்க 30 நாள் அறிவிப்புக் காலம் உண்டு. நான்கு வார விடுப்பில் போய் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்ற கணக்கு இங்கே இடிக்கும்.

பெயர், பெயர், பெயர்

தமிழர்களின் மனு சுணங்குவதற்கு எப்போதும் முன்னால் நிற்கும் காரணம் இதுதான். ஒரு பெண்ணின் ஆவணங்களை மேசையில் பரப்பிப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் கவிதா. மதிப்பெண் பட்டியலில் எஸ். கவிதா. பாஸ்போர்ட்டில் கவிதா சுப்பிரமணியன். திருமணச் சான்றிதழில் சு. கவிதா. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒன்றில் "ஹெச்" உண்டு, இன்னொன்றில் இல்லை. அப்பா பெயர் ஓரிடத்தில் சுப்பிரமணியன், ஓரிடத்தில் சுப்ரமணியம். நமக்கு எல்லாம் ஒரே ஆள். கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு நான்கு ஆள்.

எனவே திருமணச் சான்றிதழ் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே அச்சாக வேண்டும், இருவர் பெயரும். சிங்கப்பூர் அடையாள அட்டையில் "எஸ்/ஓ" (இன்னாரின் மகன்), "டி/ஓ" (இன்னாரின் மகள்) இருந்தால் அதையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் முன், அச்சிட்ட படிவத்தைப் பாஸ்போர்ட்டோடு வைத்து எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பிறகு திருத்த வேண்டுமானால் மறுபடியும் ஊருக்குப் போக நேரும். பழைய ஆவணங்களில் உள்ள வேறுபாட்டுக்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்துச் சேருங்கள். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்துப் புதிய பாஸ்போர்ட் எடுக்கும் ஆசை இருந்தால், எல்டிவிபி கைக்கு வரும்வரை ஒத்திவையுங்கள். மனு பாதியில் இருக்கும்போது பாஸ்போர்ட் எண் மாறினால் வீண் தாமதம்.

மனுவும் அதற்குப் பிறகும்

மனுவை ஆதரவாளரான நீங்கள் சிங்பாஸ் வழியே இணையத்தில் போடுகிறீர்கள். துணையின் பாஸ்போர்ட் விவரப் பக்கம், பிறப்புச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ்கள், அண்மையில் எடுத்த படம், திருமணச் சான்றிதழ் ஆகியவை ஒரு பக்கம். வேலையில் சேர்ந்த தேதி, பதவி, சம்பளம் மூன்றும் குறிப்பிட்ட உங்கள் நிறுவனக் கடிதம், மசேநிதிச் சந்தா விவரம், வரி மதிப்பீடு மறுபக்கம். யாருக்காவது முந்தைய திருமணம் இருந்தால் விவாகரத்துத் தீர்ப்போ இறப்புச் சான்றிதழோ கட்டாயம். அதை மறைத்தால் பின்னால் தெரியவரும்போது பாஸே போகும். தமிழில் மட்டும் உள்ள ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், தூதரகமோ நோட்டரியோ சான்றளித்ததாக. உங்கள் நண்பர் மொழிபெயர்த்துத் தருவது அப்படியே செல்லாது. மனுக் கட்டணம் திருப்பித் தரப்படாது என்பதால் ஒரு தாள் குறைந்தாலும் பொறுத்திருந்து முழுதாகப் போடுங்கள்.

மனு நிலுவையில் இருப்பது தங்குவதற்கு அனுமதி ஆகாது. துணை குறுகிய கால அனுமதியில் இங்கே இருந்தால், தேதி முடியும் முன் நீட்டிப்புக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் ஊருக்கு அனுப்பிவையுங்கள். கெடு தாண்டித் தங்குவது குற்றம். கெடு தாண்டித் தங்கியவர் என்ற பதிவு பிறகு எல்லா மனுவிலும் கூடவே வரும்.

கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் வந்ததும் மருத்துவப் பரிசோதனை: எச்ஐவிக்கான ரத்தப் பரிசோதனையும் காசநோய்க்கான நெஞ்சு எக்ஸ்ரேயும். எப்போதோ வந்து ஆறிப்போன தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தால் சளிப் பரிசோதனை கேட்பார்கள். காசநோய்க் கிருமி மெதுவாக வளரும் என்பதால் அந்த முடிவு வர எட்டு வாரம் வரை ஆகலாம். பதறாதீர்கள், பழைய எக்ஸ்ரேயும் சிகிச்சைக் குறிப்பும் ஊரிலிருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். கருவுற்றிருந்தால் எக்ஸ்ரே எடுக்கும் முன் கிளினிக்கில் கட்டாயம் சொல்ல வேண்டும்.

2023 பிப்ரவரி 27 முதல் பிளாஸ்டிக் அட்டை கிடையாது. பாஸ் மின்னிலக்கத்தில் சிங்பாஸ் செயலியிலும் அரசாங்க மின்னாவணத் தளமான ஃபைல்எஸ்ஜியிலும் இருக்கும்.

முதல் தடவை ஓராண்டுக்கே பாஸ் கிடைப்பது சகஜம். இதைவிடக் கூடுதல் சலுகைகள் உள்ள எல்டிவிபி பிளஸ் 2012 ஏப்ரலில் வந்தது. குடிமக்களின் துணைக்கு மட்டுமே உரியது. பொதுவாக, தம்பதிக்குச் சிங்கப்பூர்க் குடியுரிமையுள்ள பிள்ளை இருக்க வேண்டும் அல்லது திருமணமாகி மூன்றாண்டு ஆகியிருக்க வேண்டும். முதலில் மூன்றாண்டு, புதுப்பிக்கும்போது ஐந்தாண்டு வரை கிடைக்கும். பொது மருத்துவமனையில் உள்நோயாளி மானியமும் உண்டு. சாதாரண எல்டிவிபிக்கு அந்த மானியம் இல்லை, இரண்டுக்குமே மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதி இல்லை. ஆகவே துணை வந்த மாதமே தனியார் காப்புறுதி எடுங்கள். பிரசவத்துக்கு உங்கள் மெடிசேவை, அதாவது மசேநிதியின் மருத்துவச் சேமிப்பை, துணைக்காகப் பயன்படுத்த முடியும்.

குடிமக்கள், நிரந்தரவாசிகளின் எல்டிவிபி துணை வேலை பார்க்க இசைவுக் கடிதம் வேண்டும். தகுதி இருந்தால் பாஸோடு முன்கூட்டியே அங்கீகரித்த கடிதமும் வந்துவிடும். நிறுவனம் மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்துவிட்டு வேலை கொடுக்கலாம். வெளிநாட்டு ஊழியருக்காக நிறுவனம் கட்டும் தீர்வையும் இவர்களுக்கு இல்லை, ஒதுக்கீட்டு வரம்பும் இல்லை. இது பல முதலாளிகளுக்கே தெரியாது, நேர்முகத் தேர்வில் நீங்களே சொல்லுங்கள். டிபியில் இருப்பவர்களுக்கு இந்த வசதி 2021 மே 1 முதல் இல்லை. அவர்கள் தனியாக வேலைப் பாஸ் எடுக்க வேண்டும்.

புதுப்பித்தலைக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். பாஸ்போர்ட் காலாவதியைத் தாண்டி பாஸ் நீளாது. பாஸ்போர்ட்டில் ஓராண்டுக்கும் குறைவாக இருந்தால் முதலில் இந்தியத் தூதரகச் சேவை மையத்தில் அதைப் புதுப்பித்துவிட்டு வாருங்கள்.

பாஸ் ஆதரவாளரைச் சார்ந்தது என்பதால், புதிதாக வரும் மருமகளோ மருமகனோ முழுக்க அடுத்தவர் கையை எதிர்பார்த்து நிற்கும் நிலை வந்துவிடுகிறது. பாஸ்போர்ட்டை மாமியார் அலமாரியில் பூட்டிவைக்கும் வழக்கம் எந்த வீட்டிலும் வேண்டாம். பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழின் பிரதி, தனக்கென ஒரு சிங்பாஸ் ஆகிய மூன்றும் துணையின் சொந்தக் கையில் இருக்கட்டும். வீட்டில் அடிதடி, மிரட்டல் என்று வந்தால் 1800-777-0000 என்ற தேசிய உதவி எண்ணை இருபத்து நான்கு மணி நேரமும் அழைக்கலாம். அந்த எண்ணை அவர் கைப்பேசியில் முதல் நாளே சேமித்துக் கொடுங்கள்.