பரணில் கிடந்த கிட்டாரும் தையல் மிஷின் காலும்

காரைக்குடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். மகள் பதினொன்றாம் வகுப்பில் ஆசைப்பட்டு வாங்கி, மூன்றே மாதத்தில் பரணில் ஏற்றிவிட்ட கிட்டாரை, அவள் கல்லூரிக்குக் கோவை போன பிறகு தூசி தட்டி இறக்கினேன். அப்போது எனக்கு 46 வயது. சங்கீதத்தில் என் கையிருப்பு, சின்ன வயதில் ஒரு பாட்டு டீச்சர் வீட்டில் ஆறு மாதம் சரளி வரிசை கத்தியது மட்டும்தான். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இப்போது ஐந்தாறு கார்டுகளை, அதாவது சேர்த்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களை, வைத்துக்கொண்டு, வீட்டில் யாராவது பாடினால் கூட வாசித்துவிடுவேன். கச்சேரி செய்ய நினைப்பவர்களுக்கு இது உதவாது. என் அளவுக்கு வந்தால் போதும் என்பவர்கள் மேலே படிக்கலாம்.

முதலில் விரலைத் திட்டாதீர்கள், கிட்டாரைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் அழுத்தி அழுத்தி எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வயசாகிவிட்டது, இது நமக்கு வராது என்றே முடிவு கட்டியிருந்தேன். பேன்ட் ஆல்டர் பண்ண வந்த ஒரு தம்பி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்கிறவன், கிட்டாரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அண்ணே, இதை நானே அமுக்க முடியாது."

கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட், தலைப்பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே ஆறாவது கம்பி, அதாவது தடித்த கம்பி, எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஒரு ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கினால் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர். அந்த இரண்டும் இடுக்கில் சரியாக நுழைந்தால் பரவாயில்லை. மூன்று நாணயம் தாராளமாகப் போனால் அந்தக் கிட்டாரில் பழகுவது தண்டனை. என்னுடையதில் நான்கு போனது! கம்பிகள் உட்கார்ந்திருக்கும் வெள்ளைத் துண்டை, ஸேடில் என்பார்கள், கடையில் கழற்றி அடிப்பக்கம் தேய்த்துக் கொடுப்பார்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு மில்லி இறங்க ஸேடிலில் இரண்டு மில்லி தேய்க்க வேண்டும். கழுத்து வளைந்திருந்தால் அது வேறு வேலை, அதையும் தெரிந்தவர்களிடம் விடுங்கள். துருப்பிடித்த கம்பிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மெல்லிய ஸ்டீல் செட், எக்ஸ்ட்ரா லைட் என்று கேட்டு, போடச் சொல்லுங்கள். உங்களுடையது நைலான் கம்பி போட்ட கிளாசிகல் கிட்டார் என்றால் அதில் ஸ்டீல் கம்பி போடவே கூடாது. இழுப்பு தாங்காமல் பாலம், அதாவது ஸேடில் பதிந்திருக்கும் மரத்துண்டு, பிய்த்துக்கொண்டு வரும்.

பாலம் என்றதும் என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடையில் அயர்ன் போடும் மேசைக்கு மேலே ஆணி அடித்து, அழகாக இருக்கிறதென்று கிட்டாரைத் தொங்கவிட்டேன். ஒரு கோடை முழுக்க ஆவியும் சூடும் பட்டு, பாலத்தின் பின்பக்கம் ஒரு காகிதம் நுழையும் அளவுக்குப் பசை விட்டுப்போனது. வெயிலில் நிற்கும் கார், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சமையலறைச் சுவர் எதுவும் வேண்டாம்.

கம்பி எண்கள் ஆரம்பத்தில் குழப்பும். மடியில் வைத்தால் உங்கள் முகத்துக்கு அருகில் இருக்கும் தடித்த கம்பிதான் ஆறு. தரைப் பக்கம் உள்ள மெல்லியது ஒன்று. ஆறிலிருந்து ஒன்றுக்கு வந்தால் இ, ஏ, டி, ஜி, பி, இ. போனில் ஏதாவது ஒரு ட்யூனர் ஆப் போதும். ஆனால் காதுக்கும் வேலை கொடுங்கள். ஆறாவது கம்பியை ஐந்தாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் அதுவே ஐந்தாவது கம்பியின் திறந்த ஒலி. ஐந்திலிருந்து நான்கு, நான்கிலிருந்து மூன்று, அதே கணக்கு. மூன்றாவது கம்பியில் மட்டும் நான்காம் ஃப்ரெட். இரண்டாவதில் மறுபடி ஐந்து. சுருதி சேராத கிட்டாரில் சரியான கார்டும் தப்பாகத்தான் கேட்கும். தினமும் எடுத்தவுடன் இதைத்தான் செய்கிறேன்.

இடது கை நகத்தை ஒட்ட வெட்டுங்கள். விரலை ஃப்ரெட் பட்டையின் மேலேயே வைக்காமல், அதற்குச் சற்று முன்னால், தலைப்பக்கமாக ஒட்டினாற்போல் வையுங்கள். பாதி பலத்தில் ஒலி சுத்தமாக வரும். வலி இரண்டு மூன்று வாரம் இருக்கும், பிறகு விரல் நுனி காய்த்துவிடும். குளித்து முடித்த கையோடு உட்கார வேண்டாம், ஊறிய தோலில் கம்பி கத்தியாக இறங்கும். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் போடுவதைவிட, கடை திறக்கும் முன் 15 நிமிடம், ராத்திரி 15 நிமிடம் என்பதுதான் எனக்கு ஒத்துவந்தது.

விரலுக்கு என்ன பயிற்சி? வீடியோக்களில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஏறி இறங்கச் சொல்வார்கள். எனக்கு அது ஏணி துடைப்பது மாதிரி இருந்தது. ஒரு நாள் சும்மா, சரளி வரிசை பாடும் ராகமான மாயாமாளவகௌளையைத் தேடிப் பார்த்தேன், நான்கு ஃப்ரெட்டுக்குள்ளேயே அகப்பட்டது. ஐந்தாவது கம்பி மூன்றாம் ஃப்ரெட் ச, நான்காம் ஃப்ரெட் ரி. நான்காவது கம்பி இரண்டாம் ஃப்ரெட் க, மூன்றாம் ஃப்ரெட் ம. மூன்றாவது கம்பி சும்மா தட்டினால் ப, முதல் ஃப்ரெட் த. இரண்டாவது கம்பி சும்மா தட்டினால் நி, முதல் ஃப்ரெட் மேல் ச. ஃப்ரெட்டுக்கு ஒரு விரல்: முதலாவதுக்கு ஆள்காட்டி, இரண்டாவதுக்கு நடுவிரல், மூன்றாவதுக்கு மோதிர விரல், நான்காவதுக்குச் சுண்டுவிரல். நான்கு விரலுக்கும் வேலை வந்துவிடுகிறது, வாயால் பாடிக்கொண்டே வாசிக்கலாம், விரல் தப்பினால் காது உடனே சொல்லிவிடும். ச நிற்கும் சுருதியைக் கட்டை என்று எண்ணுவோம், இது ஒன்றாம் கட்டை என்பதால் ஆண் குரலுக்குப் பெரும்பாலும் சிரமமில்லை.

இனி கார்டு. முதலில் இ மைனர்: ஐந்தாவது, நான்காவது கம்பிகள், இரண்டுமே இரண்டாம் ஃப்ரெட்டில். அவ்வளவுதான், ஆறு கம்பியையும் தட்டலாம். அடுத்து ஏ மைனர்: இரண்டாவது கம்பி முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல், நான்காவது கம்பி இரண்டாம் ஃப்ரெட்டில் நடுவிரல், மூன்றாவது கம்பி இரண்டாம் ஃப்ரெட்டில் மோதிர விரல். இதிலிருந்து சி கார்டுக்குப் போக மோதிர விரலை மட்டும் எடுத்து ஐந்தாவது கம்பி மூன்றாம் ஃப்ரெட்டில் வைத்தால் முடிந்தது. மற்ற இரண்டும் இருந்த இடத்தில் இருக்கும். எனக்கு இது தெரியாமல், ஒரு மாதம் மூன்று விரலையும் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். இந்த இரண்டிலும் ஆறாவது கம்பியைத் தொடாதீர்கள். ஜி, டி இரண்டும் பிறகு தானாக வரிசையில் வரும்.

ஆனால் எல்லாரும் மாட்டிக்கொள்வது வலது கையில்தான். கார்டு மாற்றும்போது வலது கை நின்று, இடது கை வந்து சேரும்வரை காத்திருக்கும். தம்பி சொன்னது: "தப்பாப் புடிச்சாலும் பரவால்லண்ணே, கை நிக்கக் கூடாது." இது எனக்குச் சட்டென்று புரிந்தது. மிதிக்கிற மிஷினில் கால் தடுமாறினால் சக்கரம் பின்னால் சுற்றி நூல் அறுந்துவிடும். அதனால்தான் கடைக்கு வரும் புதுப் பையனிடம் துணியைக் கொடுக்க மாட்டோம். நூல் கோக்காமல் காகிதத்தில் ஓட்டு என்போம், கால் படிகிறவரை.

கிட்டாரிலும் அதையே செய்தேன். இடது கையைக் கம்பிகள் மேல் சும்மா படரவிட்டு ஒலியை அடைத்துவிட்டு, வலது கையால் மட்டும் தட்டினேன். த-வுக்குக் கீழே, க-வுக்கு மேலே, தி-க்குக் கீழே, மி-க்கு மேலே. தகதிமி, தகதிமி. தாளத்தைத் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து பத்து நாள். வீட்டம்மாவுக்குத்தான் பைத்தியம் பிடித்தது. பிறகு இ மைனர் எட்டு எண்ணிக்கை, ஏ மைனர் எட்டு எண்ணிக்கை. மாறும்போது விரல் வந்து சேராவிட்டால் திறந்த கம்பியையே தட்டிக்கொண்டு போங்கள். அசிங்கமாகத்தான் கேட்கும், போகட்டும். வேகத்தை ஏற்றுவது, இரண்டு நிமிடம் தொடர்ந்து நிற்காமல் ஓடிய பிறகு.

பாடுகிறவருக்கு வாசிக்கும் கட்டம் வந்ததும் ஒரு கேப்போ வாங்குங்கள், கழுத்தில் மாட்டும் கவ்வி. கட்டைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு அது வரப்பிரசாதம். சி கார்டை 'ச' என்று வைத்து வாசித்தால் ஒரு கட்டை. அதே விரல்களோடு கேப்போவை இரண்டாம் ஃப்ரெட்டில் மாட்டினால் இரண்டு கட்டை, நான்காம் ஃப்ரெட்டில் மூன்று, ஐந்தாம் ஃப்ரெட்டில் நான்கு. பெண்கள் பாடினால் ஜி கார்டை 'ச' ஆக வையுங்கள்: கேப்போ இல்லாமல் ஐந்து கட்டை, முதல் ஃப்ரெட்டில் ஐந்தரை, இரண்டாம் ஃப்ரெட்டில் ஆறு. எங்கள் வீட்டில் ஐந்தரை. அதனால் என் கேப்போ முதல் ஃப்ரெட்டை விட்டு இறங்குவதே இல்லை.

எஃப் கார்டைப் பற்றி ஆளாளுக்குப் பயமுறுத்துவார்கள். ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்து ஆறு கம்பியையும் அழுத்துவது. அதை முதல் ஆறு மாதம் தொடாதீர்கள். பதிலுக்கு, இரண்டாவது கம்பி முதல் ஃப்ரெட், மூன்றாவது கம்பி இரண்டாம் ஃப்ரெட், நான்காவது கம்பி மூன்றாம் ஃப்ரெட், முதல் கம்பி சும்மா, இந்த நான்கை மட்டும் தட்டினால் எஃப் மேஜர் செவன். எஃப் வருகிற இடத்தில் பெரும்பாலும் ஒப்பேற்றிவிடும். இரண்டு வருஷமாக நான் இதை வைத்துத்தான் ஓட்டுகிறேன். வீட்டில் பாடுகிற யாரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் சட்டை வாங்க வந்த தம்பி மட்டும், ஒரு இடத்தில் திரும்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனான்.