சாரல் ஓய்ந்ததும் கேமராவை எடுங்கள்: சுவரில் ஓதம் தேடும் முறை

செங்கோட்டை, புளியரை பக்கம் மேற்குப் பார்த்த வீடு உள்ளவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய்க் காற்று சாரலைக் கொண்டுவந்து சுவரில் அறையும், ஆவணி பிறப்பதற்குள் உள்பக்கம் பெயிண்ட் உப்பி உதிரும், தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பது மட்டும் பிடிபடாது. கண்ட இடத்தில் கொத்திப் பார்ப்பதற்கு முன் தெர்மல் கேமராவில் ஒருமுறை பாருங்கள். போனில் செருகும் சின்னது போதும்.

ஆனால் அந்தக் கேமரா தண்ணீரைக் காட்டாது, சுவருக்குள்ளும் பார்க்காது. மேற்பரப்பின் சூட்டை மட்டும்தான் காட்டும். மண்பானை குளிர்வது போலத்தான், ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போவதால் அந்த இடம் சற்றுக் குளிர்ந்து நீலமாகத் தெரியும். அதனாலேயே சாரல் விழும்போது எடுத்துப் பயனில்லை. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் சுவர் எப்படி உலரும்? ஒரு நாள் நல்ல வெயில் அடிக்கட்டும். பீரோ, கட்டிலை முந்தின நாளே நகர்த்தி வையுங்கள், ஏசியை நிறுத்துங்கள், அரைமணி நேரம் மின்விசிறியை ஓடவிட்டு அப்புறம் எடுங்கள்.

மொட்டை மாடியில் இது தலைகீழ். தண்ணீர் மெதுவாகச் சூடேறி மெதுவாகத்தான் ஆறும் என்பதால், வெயில் காய்ந்த நாளில் பொழுது சாய்ந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், தட்டோட்டுக்கு அடியில் நீர் கோத்த இடம் மட்டும் இன்னும் சூடாக இருக்கும். மேலே தண்ணீர் தேங்கியிருக்கக் கூடாது.

கேமராவில் எமிசிவிட்டி (ஒரு பரப்பு தன் சூட்டை எவ்வளவு நன்றாகக் கதிராக வெளிவிடுகிறது என்ற அளவு) 0.95 என்று வையுங்கள், பூச்சுக்கும் பெயிண்டுக்கும் அது சரி. பளபளக்கும் டைல்ஸ், ஸ்டீல், கண்ணாடியை நம்பாதீர்கள். உங்கள் உடம்புச் சூடே அதில் தெரியும். நீங்கள் நகரும்போது கறையும் நகர்ந்தால் அது பிரதிபலிப்பு. நிறத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், கேமரா தானாகவே நிறங்களைப் பிரித்துக் காட்டும்போது அரை டிகிரி வித்தியாசம்கூடக் கருநீலமாகத் தெரியும், திரையில் உள்ள டிகிரி எண்ணைப் படியுங்கள்.

என் வீட்டில் நேராக ஒரு நீலப் பட்டை தெரிந்தது. அவசரப்பட்டுப் பூச்சைக் கொத்தினேன், உள்ளே காய்ந்த கான்கிரீட் தூண். நேர்க்கோடாக இருந்தால் பெரும்பாலும் தூண், பீம், குழாய்தான். ஓதத்துக்கு ஓரம் ஒழுங்காக இருக்காது, துணியில் மை ஊறியது போல இருக்கும். தரையிலிருந்து ஏறும் ஓதம் சுவரடியில் நீளமாக, மேல்விளிம்பு அலை அலையாக வரும்.

சந்தேகப்பட்ட இடத்தை ஊசி வைத்த ஈரமானியால் குத்திப் பாருங்கள், அதே சுவரில் காய்ந்த இடத்திலும் குத்தி ஒப்பிடுங்கள். இதை விட்டுவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடவே கூடாது. உப்புப் பூத்த இடத்தில் மட்டும் ஈரமானி கூடுதலாகக் காட்டும், அங்கே உப்பைச் சுரண்டிவிட்டு, கையையும் வைத்துப் பாருங்கள்.

குளியலறைக் கசிவு என்றால் இன்னும் சுலபம். மேல்தளத்துக் குளியலறைத் தரையில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி நிறுத்திவிட்டு, கீழ் அறைக் கூரையைக் கேமராவில் பார்த்துக்கொண்டே இருங்கள், வெதுவெதுப்பு முதலில் எட்டும் இடம்தான் ஓட்டைக்குப் பக்கம்.

மழைக் கசிவு என்றால், உள்ளே ஈரம் தெரிகிற இடத்துக்கு நேர் வெளியே தேடாதீர்கள், தண்ணீர் இறங்கித்தான் வந்திருக்கும், அதனால் மேலே சன்ஷேடு சேரும் இடம், கைப்பிடிச் சுவர் விரிசல், குழாய் நுழையும் ஓட்டை இவற்றைப் பாருங்கள். சரிசெய்த பிறகு, அடுத்த மழை விட்டு ஒரு நாள் வெயில் அடித்ததும் அதே இடத்தில் நின்று, அதே நேரத்தில் மறுபடி ஒரு படம் எடுத்துப் பழையதோடு வைத்துப் பாருங்கள்.