‘திரையிசை’ என்று எழுதினால் வகை சொன்னதாகுமா?

கணினியில் சேர்த்து வைத்திருந்த தமிழ்ப் பாடல்களை முதன்முறை ஒழுங்குபடுத்தியபோது, ‘வகை’ என்ற கட்டத்தில் எல்லாவற்றுக்கும் ‘சவுண்ட்டிராக்’ (திரையிசை) என்று போட்டு அரை மணி நேரத்தில் வேலையை முடித்தேன். மறுநாள் நாட்டுப்புறப் பாட்டு மட்டும் கேட்கலாம் என்று தேடினால், மொத்தச் சேமிப்பும் ஒரே குவியலாக வந்து நின்றது.

தவறு என்னுடையதுதான் என்றாலும் அதற்கு ஒரு முன்கதை உண்டு. 1996இல் எரிக் கெம்ப் என்பவர் எம்பி3 கோப்பின் வால்பகுதியில் 128 பைட் ஒட்டி, பாட்டின் விவரங்களை அதில் எழுதும் ‘ஐடி3’ முறையைக் கொண்டுவந்தார். வகைக்கு மொத்தம் 80 எண்கள். ஒரு பாட்டுக்கு ஓர் எண்தான். 24ஆம் எண் சவுண்ட்டிராக். கர்நாடக இசை அந்தப் பட்டியலில் இல்லை. ‘ஃபோக்’ (நாட்டுப்புற இசை) கூட, வின்ஆம்ப் என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருள் பின்னால் நீட்டித்த பட்டியலில்தான் வந்தது. நம் பாட்டுக்கு வேறு எதுவும் பொருந்தாததால் 24 ஒட்டிக்கொண்டது.

சவுண்ட்டிராக் என்பது பாட்டு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறது; எப்படி ஒலிக்கிறது என்று சொல்வதில்லை. மியூசிக்பிரெயின்ஸ் தரவுத்தளம் இதைச் சரியாகக் கையாள்கிறது. அங்கே அது இசைவகை அல்ல, வெளியீட்டின் தன்மை. நீங்களும் அந்தச் சொல்லை ‘தொகுதி’ (குரூப்பிங்) என்ற கட்டத்துக்கு மாற்றிவிட்டு, வகைக் கட்டத்தைக் காலி செய்துகொள்ளுங்கள்.

அடுத்த தவறு, படத்தின் வகையையே இசைக்கும் சூட்டுவது. ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ 1924 ஒலிம்பிக்ஸைப் பற்றிய 1981ஆம் ஆண்டுப் படம். கதை பழையது என்பதற்காக அதன் இசையைப் பழைய பாணியில் சேர்த்தால், இசையமைப்பாளர் வாஞ்செலிஸ் சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவியில் செய்ததெல்லாம் வீண்.

நம்மவர்கள் அதிகம் வழுக்கும் இடம் ராகம். ராகம் தெரிந்தவருக்கு அதையே வகையாகப் போட்டுவிடும் ஆசை வரும், எனக்கும் வந்தது. ‘ஜனனி ஜனனி’, ‘சுந்தரி கண்ணால் ஒரு சேதி’, ‘அம்மா என்றழைக்காத’ மூன்றுமே கல்யாணி, மூன்றும் இளையராஜா. ஒன்று பக்திப் பாடல், ஒன்று காதல் பாட்டு, ஒன்று தாயைப் பற்றியது. கல்யாணி என்ற பெயரில் மூன்றையும் அடுக்கினால் ராக ஆராய்ச்சிக்கு உதவும். இரவு உணவுக்குப் பின் எதைக் கேட்பது என்று தேடுபவருக்கு உதவாது. ராகத்துக்குக் குறிப்புக் கட்டம் போதும்.

ஒரு படத்தின் பாடல்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே வகையைத் திணிப்பதும் கூடாது. தமிழ்ப் பட இசைத்தட்டு ஒன்றிலேயே தாலாட்டும் குத்துப்பாட்டும் அடுத்தடுத்து இருக்கும். சில சமயம் ஒரே பாட்டுக்குள் இரண்டு. 1985இல் வந்த ‘சிந்து பைரவி’யின் ‘பாடறியேன் படிப்பறியேன்’ நாட்டுப்புற மெட்டாகத் தொடங்கி, தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’யில் போய்ச் சேர்கிறது. அந்தக் கீர்த்தனை வழக்கமாகக் காம்போதி ராகத்தில் பாடப்படுவது, இங்கே சாரமதி. இதற்கு ஒரே வகைதான் என்று பிடிவாதம் பிடிப்பானேன்? இப்போதைய ஐடி3 முறையில் ஒரே கட்டத்தில் இரண்டு வகைகளை எழுதலாம், எழுதினேன். இரண்டு பட்டியலிலும் அது வருகிறது.

பின்னணி இசையைப் பாடல்களோடு கலக்காதீர்கள். சண்டைக் காட்சிக்கான ஒன்றரை நிமிட வயலின் ஓட்டம், டூயட்டுக்கு நடுவில் திடீரென்று பாய்ந்தால் கேட்பவர் பதறிப்போவார். ‘பின்னணி இசை’ என்று தனி வகை வைத்தால் தீர்ந்தது.

இசையமைப்பாளர் பெயரை வகையாக எழுதுவதும் பலரின் பழக்கம். அவருக்கென்றே தனிக் கட்டம் இருக்கிறது. சினிமாக்காரர் செய்ததெல்லாம் சினிமா இசை என்று நினைப்பது இதன் உடன்பிறப்பு. இளையராஜாவின் 2005ஆம் ஆண்டு ‘திருவாசகம்’ எந்தப் படத்திலிருந்தும் வந்ததல்ல. ஜெர்மானிய இசைமேதை பாக்கையும் (Bach) தியாகராஜரையும் அவர் சேர்த்து வைத்த 1986ஆம் ஆண்டுத் தொகுப்பும் அப்படியே. அதற்கு எந்த வகையை எழுதுவது என்று மூன்று முறை மாற்றிவிட்டேன். கட்டம் இப்போதும் காலியாகத்தான் இருக்கிறது. தொகுப்பின் பெயர், ‘ஹவ் டு நேம் இட்?’