அடுப்பை வாங்கிவிட்டு கேஸைத் தேடாதீர்கள்

நீண்ட வார இறுதி ஒன்று நெருங்கினால் போதும், கித்துல்கலைக்கோ பெலிஹுல்ஓயாவுக்கோ வெளிக்கிடும் பெடியளிடமிருந்து எனக்கு அழைப்பு வரத் தொடங்கிவிடும். "அண்ணா, சின்ன கேஸ் பாபிகியூ ஒண்டு பார்த்திருக்கிறம், நல்லதா?" என்று கேட்டுப் படமும் அனுப்புவார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், எங்கள் காலத்துப் பிழை அப்படியே திரும்பவும் நிற்கும்.

லைட்டரை மறக்காதீர்கள், இறைச்சியை ஐஸ் பெட்டியில் வையுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. காசையும் பயணத்தையும் சேர்த்துக் கெடுக்கிற பிழைகளைப் பற்றித்தான் பேச்சு. அதிலும் முதலாவதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். இன்றைக்கும் அதைக் கண்டால் எரிச்சல் வருகிறது.

எந்த கேஸ் என்று கேட்காமல் வாங்குவது

இணையத்தில் புரொப்பேன் கிரில் என்று தேடினால் வருபவற்றில் பெரும்பாலானவை வட அமெரிக்கச் சந்தைக்காகச் செய்தவை. அங்கே ஒரு இறாத்தல் புரொப்பேன் போத்தல் எந்தப் பெரிய கடையிலும் கிடைக்கும். அதைத் திருகிப் பூட்டுவதற்கென்றே அந்த கிரில்களின் வாய் அமைந்திருக்கிறது. ஏறக்குறைய 465 கிராம் கேஸ் கொள்ளும் அந்தப் போத்தல், கொழும்பில் நினைத்த நேரம் போய் வாங்கக்கூடிய சாமான் அல்ல. விமானத்தில் கொண்டுவரவும் முடியாது. பெட்டியிலும் சரி, கைப்பையிலும் சரி, கேஸ் போத்தலுக்கு அனுமதியில்லை. நமக்குக் கிடைப்பது லிட்ரோ, லாஃப்ஸ் சிலிண்டர்கள்: 12.5 கிலோ, 5 கிலோ, அதைவிடச் சின்னதாக லிட்ரோவின் 2.3 கிலோ. அப்புறம் மேசை அடுப்புக்குப் போடும் 220 கிராம் பியூட்டேன் கேன்.

வாய் பொருந்தினாலும் உள்ளே இருக்கும் கேஸ் வேறு. நம் வீட்டுச் சிலிண்டரில் தனிப் புரொப்பேன் இல்லை, பியூட்டேனும் புரொப்பேனும் கலந்த கலவை. வழக்கமாக அதில் பியூட்டேன்தான் கூட. 2021 இறுதியில் வீடுகளில் கேஸ் அடுப்புகள் அடுத்தடுத்து வெடித்தபோது இந்தக் கலவை விகிதம் தேநீர்க் கடைவரை பேசப்பட்டது. பிறகு எல்லாரும் மறந்துவிட்டோம்.

இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. புரொப்பேன் மைனஸ் 42 பாகையில் கொதிக்கும், பியூட்டேன் பூச்சியத்தை ஒட்டி. கொழும்பின் 30 பாகைச் சூட்டில், புரொப்பேன் போத்தலுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிட 9 பாருக்கு மேல் இருக்கும். தனிப் பியூட்டேனில் அது 2 பார் கூட வராது. எரியும்போது ஒரு பங்கு புரொப்பேனுக்கு ஏறக்குறைய 24 பங்கு காற்று வேண்டும், பியூட்டேனுக்கு 31 பங்கு. புரொப்பேனுக்கென்று துளையிட்ட ஜெட்டில், அதாவது பர்னருக்குக் கேஸ் பாயும் நுண்துளை வாயில், பியூட்டேன் கூடிய கலவையை விட்டால், காற்று போதாமல் சுவாலை மஞ்சளாகி இறைச்சியில் கரி படிவது இதனால்தான்.

மச்சான் முறையான ஒருவருக்கு டொரோண்டோவிலிருந்து வந்த சித்தப்பா ஒரு கிரில் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல சாமான், பாரமான வார்ப்பிரும்புத் தட்டு. விமானத்தில் கூடுதல் பாரத்துக்குக் காசும் கட்டியிருக்கிறார். போத்தலுக்கு என்ன செய்வது என்று கேட்டபோது, "கேஸ் தானே, எல்லாம் ஒண்டுதான்" என்றார். மச்சான் புறக்கோட்டையில் ஹோஸும் இணைப்பும் தேடி வாங்கி, வீட்டு ரெகுலேட்டரைப் போட்டு 5 கிலோ சிலிண்டரில் பூட்டினார். கித்துல்கலையில் ஆற்றங்கரையில் வைத்துப் பற்ற வைத்தால், குத்துவிளக்குத் திரி மாதிரி ஒரு சுவாலை. மத்தியானம் போட்ட கோழி, பொழுதுபடும் நேரத்திலும் எலும்போரம் சிவப்பாகவே கிடந்தது. கடைசியில் பாணும் டின் மீனும் சாப்பிட்டுப் படுத்தோம்.

காரணம் இதுதான். அந்த வகை கிரிலில் ரெகுலேட்டர் அதன் குமிழோடு சேர்ந்தே இருக்கிறது, போத்தலின் முழு அழுத்தமும் தன்னிடம் வரும் என்று எதிர்பார்த்துச் செய்தது. வீட்டு ரெகுலேட்டரோ அழுத்தத்தை முன்கூட்டியே 30 மில்லிபார் அளவுக்கு இறக்கிவிடுகிறது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ரெகுலேட்டர் இருந்தால் பர்னருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

இந்த இடத்தோடு விட்டிருந்தால் நட்டம் காசோடு போயிருக்கும். ஆனால் நம் ஆட்கள் விடமாட்டார்கள். யாரோ வீட்டு ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரே பூட்டச் சொல்ல, மச்சான் பஞ்சிகாவத்தையில் ஒரு லேத்தில் பித்தளை இணைப்பு கடைந்துகொண்டு வந்தார். சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். மூட்டைச் சுற்றி வரிசையாகக் குமிழ் எழும்பியது. லேத்காரர் கெட்டிக்காரர்தான், ஆனால் கேஸ் இணைப்பு கண்ணளவில் கடையும் வேலையில்லை. வீட்டு ஹோஸும் அந்த அழுத்தத்துக்குச் செய்ததல்ல. இன்னொருவர் சொன்ன வழி இன்னும் மோசம்: எங்கேயாவது வெறும் ஒரு இறாத்தல் போத்தல் கிடைத்தால், பெரிய சிலிண்டரைக் கவிழ்த்துப் பிடித்து அதில் நிரப்பலாமாம். திரும்ப நிரப்பக்கூடாது என்று அந்தப் போத்தலிலேயே அச்சடித்திருக்கும். திரவம் சூட்டில் விரிவதற்கு மேலே ஐந்தில் ஒரு பங்கு இடம் விட வேண்டும், அதைக் கண்ணால் பார்த்து நிரப்ப முடியாது. அப்படி நிரப்பியதை வானின் பின்பக்கம் போட்டுவிட்டு ஹைலெவல் வீதி வெயிலில் நெரிசலில் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்த கிரில் இப்போது விற்பனைக்கு இருக்கிறது. யாராவது ஒரு புதியவர் வாங்குவார், பிறகு எனக்குப் படம் அனுப்புவார்.

அதனால் எந்தச் சிலிண்டரைக் கொண்டுபோகப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், அதற்கேற்ற கிரிலைப் பிறகு தேடலாம். கிரிலின் அடியிலோ பின்பக்கமோ ஒரு தகடு இருக்கும். அதில் பியூட்டேன், புரொப்பேன் இரண்டின் பெயரும், 28 முதல் 30 மில்லிபார் என்ற அழுத்தமும் இருந்தால் இங்குள்ள சிலிண்டரோடும் வீட்டு ரெகுலேட்டரோடும் ஒத்துப்போகும். புரொப்பேன் மட்டும், 37 மில்லிபார் என்றிருந்தால் அது இங்குள்ள கலவைக்கு வந்ததல்ல. தகடே இல்லாவிட்டால், விலை எவ்வளவு மலிவென்றாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

பழைய ஹோஸ்

வீட்டு அடுப்பிலிருந்து கழற்றிப் பூட்டாதீர்கள். புதியது வாங்குங்கள்.

பி.டி.யூ. இலக்கத்தில் மயங்குவது

பி.டி.யூ. என்பது வெப்பத்தை அளக்கும் அலகு. பெட்டியில் பெரிய எழுத்தில் 10,000, 12,000 என்று போட்டிருக்கும். அது அடுப்பு எவ்வளவு கேஸ் தின்னும் என்பதன் கணக்கு, இறைச்சிக்கு எவ்வளவு சூடு போகிறது என்பதல்ல. அகலமான தட்டுக்கும் மெல்லிய மூடிக்கும் 12,000 கூடப் போதாது. சின்னத் தட்டு, கனமான வார்ப்பிரும்பு, இறுக்கமான மூடி என்றால் 8,000 தாராளம்.

அந்த இலக்கம் உதவுவது வேறொன்றுக்கு. மணிக்கு 10,000 பி.டி.யூ. என்பது கிட்டத்தட்ட 3 கிலோவாட். முழுத்தீயில் மணிக்கு ஏறத்தாழ 230 கிராம் கேஸ் போகும். அப்படியென்றால் 2.3 கிலோ சிலிண்டர் பத்து மணித்தியாலத்துக்குக் காணும். இரண்டு இரவுக்கு நான்கு பேர் போகிறவர்கள் 12.5 கிலோவை வானில் ஏற்றி, ஆற்றங்கரைவரை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். அதே கணக்கில் 220 கிராம் கேன் ஒரு மணித்தியாலம்கூட நிற்காது. மேசை அடுப்பில் கோழி வாட்டப் போகிறவர்கள் கேனை எண்ணிக்கொண்டு போங்கள்.

காற்றை மறப்பது

கடையில் மின்விசிறிகூடப் போடாத மூலையில் வைத்துக் காட்டுவார்கள். கற்பிட்டியில் மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குக் காற்று மணலை அள்ளி வீசும், பட்டம் கட்டிக் கடலில் சறுக்குகிறவர்கள் அங்கே போவதே அதற்காகத்தான். திறந்த பர்னர் அங்கே நிற்காது. மூடியும், பர்னரைச் சுற்றிப் பக்கச் சுவரும் உள்ளதைப் பாருங்கள். மூடியைத் திறந்தால் அது காற்றுக்கு மறைப்பாக நிற்க வேண்டும், பின்னால் முழுதாக விழுந்துவிடக் கூடாது.

வாங்கிய பிறகு காற்று தொல்லை கொடுத்தால் ஆட்கள் செய்வது, அலுமினியத் தாளை அடுப்பு, சிலிண்டர், எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றுவது. சூடு கேஸ் பக்கம் திரும்பிவிடும். மேசை அடுப்பில் கேன் இருக்கும் பக்கத்தையும் மறைக்கிற மாதிரிப் பெரிய கல் வைப்பதும் இதே கதைதான், கேன் வெடித்த சம்பவங்கள் இப்படித்தான் நடக்கின்றன. மறைப்பு வைப்பதென்றால் காற்று வரும் பக்கம் மட்டும், சிலிண்டர் மறைப்புக்கு வெளியே.

கூடாரத்துக்குள் பற்ற வைப்பது

மழையென்றாலும் வேண்டாம். வானுக்குள்ளும் வேண்டாம். எரியும்போது வரும் நச்சு வாயுவான கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.

நுவரெலியாவுக்குப் பியூட்டேன் கேன்

கொழும்பில் சோதித்துப் பார்த்தபோது நன்றாக எரிந்ததாம். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல், ஜனவரி விடியற்காலையில் புல்லில் உறைபனி பிடிக்கிற ஊர். பியூட்டேன் அந்தக் குளிரில் ஆவியாக மறுக்கும். போதாததற்கு, எரிய எரிய கேன் தானாகவும் குளிரும். சுவாலை படுத்ததும் கேன் முடிந்துவிட்டதென்று எறிகிறார்கள், குலுக்கிப் பார்த்தால் உள்ளே திரவம் சலசலக்கும். கைபொறுக்கும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் திரும்ப வேலை செய்யும். நெருப்பில் காட்டிச் சூடாக்க நினைக்கிற ஆளை உடனே அடுப்படியிலிருந்து அனுப்பிவிடுங்கள். மலைப்பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்கு, புரொப்பேனும் கலந்திருக்கும் வீட்டுச் சிலிண்டர்தான் கைகொடுக்கும்.

கம்பித் தட்டு மட்டும் போதுமென்று நினைப்பது

விடிந்ததும் முதலில் தேநீர் கேட்பார்கள். பிறகு ரொட்டி. கம்பித் தட்டில் கேத்தலும் நிற்காது, ரொட்டியும் வராது. பாதி கம்பி, பாதி தட்டைக் கல் என்று வருவதை எடுங்கள். இறால், துண்டு மீன் என்று கம்பிக்கிடையில் விழுகிற எல்லாவற்றுக்கும் அந்தக் கல்தான் வேண்டும்.

துருவை யோசிக்காமல் வாங்குவது

வெள்ளவத்தையில் கடற்பக்கம் பல்கனி வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மெல்லிய தகட்டில் செய்த பர்னர் ஒரு மழைக்காலத்தில் பொரிந்து, துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் பச்சை. பர்னர் துருப்பிடிக்காத உருக்காக இருக்க வேண்டும். வார்ப்பிரும்புத் தட்டைக் கழுவி, அடுப்பிலேயே காயவைத்து, எண்ணெய் பூசி எடுத்து வையுங்கள்.

பர்னரும் தட்டும் தனியாக வாங்கக் கிடைக்குமா என்று கடையில் கேளுங்கள். "ஓடர் பண்ணித் தரலாம்" என்று பதில் வந்தால், கிடைக்காது என்றே எடுத்துக்கொள்ளலாம்.